புது எலெக்ட்ரிக் கிட்டார்: முதல் வாரத்தில் எழும் கேள்விகளும் பதில்களும்

புதுக் கிட்டாரை வாங்கி வந்து பெட்டியைத் திறந்ததும் “இது நன்றாக இல்லையோ” என்ற சந்தேகம் பலருக்கும் வருகிறது. கம்பி உயரமாக இருக்கிறது, சுருதி நிற்கவில்லை, ஏதோ ஒரு ஃப்ரெட்டில் (விரல் அழுத்தும் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ர்ர் என்று உரசுகிறது, ஆம்பில் (ஒலிபெருக்கி) செருகினால் உறுமுகிறது. இவற்றில் பெரும்பாலானவை செட்டப் குறைகள், அதாவது பாகங்களைச் சரியான அளவில் அமைக்காததால் வருபவை. அரை நாள் பொறுமையும் நாலைந்து சின்னக் கருவிகளும் இருந்தால் வீட்டிலேயே தீர்க்கலாம். சில குறைகளைத் தொடவே கூடாது. கிட்டாரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இரண்டையும் பிரித்தறிய இந்தப் பக்கம் உதவும்.

பெட்டி வந்துவிட்டது. உடனே திறக்கலாமா?

வெளியே கடும் வெயிலோ கடும் குளிரோ இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் அப்படியே அறைக்குள் வையுங்கள். வெப்பநிலை சட்டென்று மாறினால் மரமும் அதன் மேலுள்ள பூச்சும் ஒரே வேகத்தில் விரிவதோ சுருங்குவதோ இல்லை. நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு உள்ள கிட்டார்களில் இதனால் மயிரிழை விரிசல்கள் விழும். பாலியூரிதேன், பாலியெஸ்டர் பூச்சுகள் தாங்கும் என்றாலும் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

திறந்ததும் பெட்டியையும் உள்ளே இருந்த அட்டைகளையும் தூக்கிப் போட வேண்டாம். பிக்கார்டு (உடம்பைக் கீறல்படாமல் காக்கும் தகடு) மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும், வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவாகும் வரை உரிக்காதீர்கள்.

வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் பார்க்க வேண்டிய இடம் நெக்கும் (கிட்டாரின் நீண்ட கழுத்து) தலைப்பகுதியும் சேரும் இடத்தின் பின்புறம், அதாவது நட்டுக்கு (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும், வெட்டுகள் உள்ள சிறு துண்டு) நேர் பின்னால். லெஸ் பால் போலத் தலை பின்னோக்கிச் சாய்ந்த கிட்டார்கள் பயணத்தில் உடைவது பெரும்பாலும் அங்கேதான். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் மரத்தின் மேல் சாய்வாக விழும்படி பாருங்கள். மெல்லிய கோடு ஒன்று தெரிந்து, அதன் மேல் நகத்தை ஓட்டும்போது சிக்கினால் அது விரிசல். உடனே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது, நெக் முறுக்கியிருக்கிறதா என்பது. பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளவாக்கில் பாருங்கள். நட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் திருகிவிட்டது. நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடு வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கலைச் சரிசெய்யாது.

மூன்றாவது ட்ரஸ் ராடு வேலை செய்கிறதா என்பது. கால் சுற்றுத் திருப்பினால் நெக்கில் மாற்றம் தெரிய வேண்டும். ஏற்கெனவே முழுக்க இறுகிப்போய் இனி நகரவே இடமில்லை என்றால் அந்தக் கிட்டார் வேண்டாம்.

நான்காவது, மிக மெல்லிய 1-ஆம் கம்பியும் மிகத் தடித்த 6-ஆம் கம்பியும் ஃப்ரெட்போர்டின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு கம்பி விளிம்பிலிருந்து வழுக்கி விழும் அளவுக்கு ஓரமாக இருந்தால் நெக் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். போல்ட் நெக் கிட்டாரில் இதைத் திருத்தலாம்: நான்கு ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று தளர்த்தி, நெக்கை மெல்லத் தள்ளி, மறுபடி இறுக்க வேண்டும். ஒட்டிய நெக்கில் முடியாது.

மற்றபடி ஆக்‌ஷன் உயரம் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி), உரசல், சுருதி விலகல், லூசான ஜாக் (கேபிள் செருகும் துளை), கரகரக்கும் வால்யூம் குமிழ் இவற்றுக்காக நல்ல கிட்டாரைத் திருப்பி அனுப்புவது அவசரம் என்பது எங்கள் கருத்து.

செட்டப்பை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

வரிசை முக்கியம். ஒவ்வொரு படியும் அடுத்த படியைப் பாதிக்கும். முதலில் கம்பி, பிறகு சுருதி, நெக் வளைவு, ஆக்‌ஷன், நட், இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது), கடைசியாகப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உயரம். இன்டோனேஷனை முதலில் சரிசெய்துவிட்டு ஆக்‌ஷனை மாற்றினால் இன்டோனேஷன் மறுபடி விலகிவிடும். பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தேவையானவை: டியூனர், உங்கள் கிட்டாருக்குப் பொருந்தும் ஆலன் கீ, நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள எஃகு ஸ்கேல், ஒரு கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி). ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண பிரிண்டர் தாளைப் பயன்படுத்தலாம். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. தடிப்பு, மூன்று தாள் சேர்ந்தால் 0.3 மி.மீ.

நெக் வளைவை எப்படி அளப்பது? ட்ரஸ் ராடைத் தொடப் பயமாக இருக்கிறது.

நெக் முழு நேராக இருக்கக் கூடாது. அதிரும் கம்பிக்கு நடுவில்தான் அதிக இடம் வேண்டும் என்பதால் நெக்கில் மிக லேசான குழிவு தேவை. கிட்டாரைச் சுருதி சேர்த்து, 1-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். வலது கையால் 6-ஆம் கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோட்டு அளவுகோல். 7, 8-ஆம் ஃப்ரெட் அருகே ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருந்தால் போதும். இரண்டு மூன்று தாள்கள் கம்பியைத் தூக்காமல் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றாக இறுக்குங்கள், நெக் நேராகும். இடைவெளியே இல்லையென்றால் எதிர்ச்சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் மறுபடி சுருதி சேர்த்துவிட்டு அளவெடுங்கள். மரம் முழுதாக இடம் மாற ஒரு நாள் கூட ஆகலாம். மறுநாள் இன்னொரு முறை பாருங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது தவறான ஆலன் கீயைப் பார்த்துத்தான். 4, 5 மி.மீ. அளவுகளும் அங்குல அளவுகளும் புழக்கத்தில் உள்ளன. கொஞ்சம் சிறிய கீயைப் போட்டுத் திருகினால் உள்ளே உள்ள அறுகோணம் வட்டமாகத் தேய்ந்துவிடும். அதைச் சரிசெய்வது பெரிய செலவு. கீ ஆட்டமில்லாமல் உட்கார்ந்தால் மட்டும் திருப்புங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

ஆக்‌ஷன் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

12-ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை அளந்தால், தடித்த ஈ கம்பிக்கு சுமார் 2 மி.மீ., மெல்லிய ஈ கம்பிக்கு சுமார் 1.5 மி.மீ. நல்ல தொடக்கம். மென்மையாக வாசிப்பவர்கள் இதைவிட அரை மி.மீ. வரை குறைக்கலாம். அழுத்தி ரிதம் அடிப்பவர்களுக்கும் ஸ்லைடு வாசிப்பவர்களுக்கும் கொஞ்சம் கூடுதல் உயரம் வேண்டும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஒவ்வொரு சாடிலிலும் (பிரிட்ஜில் ஒரு கம்பி உட்காரும் துண்டு) இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள் இருக்கும். இரண்டையும் சமமாகத் திருப்புங்கள், சாடில் சாய்ந்து நிற்கக் கூடாது. லெஸ் பால் வகையில் உள்ள டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜில் இரண்டு பக்கமும் உள்ள சக்கரங்களைத் திருப்ப வேண்டும். உயர்த்தும்போது மட்டும் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மரை தேயும்.

கம்பி ஃப்ரெட்டில் உரசி ர்ர் என்று சத்தம் வருகிறது. என்ன காரணம்?

முதலில் ஒரு சோதனை. ஆம்பில் செருகி, வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில் வாசியுங்கள். உரசல் ஸ்பீக்கரில் கேட்கிறதா? கேட்கவில்லை, நாதம் அறுபடவும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆக்‌ஷன் தாழ்வாக உள்ள எலெக்ட்ரிக் கிட்டார்களில் செருகாமல் வாசிக்கும்போது லேசான உரசல் சகஜம். அதைத் துரத்திக்கொண்டே போனால் கடைசியில் கையை வலிக்க வைக்கும் உயரத்தில் போய் நிற்பீர்கள்.

ஸ்பீக்கரிலும் கேட்டால், எங்கே உரசுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

திறந்த கம்பி மட்டும் உரசி, ஏதாவது ஃப்ரெட்டை அழுத்தினதும் நின்றுவிட்டால், நட்டில் அந்தக் கம்பிக்கான வெட்டு ஆழமாகிவிட்டது. 1 முதல் 5 வரையிலான ஃப்ரெட்களில் உரசினால் நெக் அதிகம் நேராக இருக்கிறது, அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராடைத் தளர்த்துங்கள். 12-க்கு மேல் மட்டும் உரசினால் ஆக்‌ஷன் தாழ்வு, சாடிலை உயர்த்துங்கள். எல்லா இடத்திலும் உரசினாலும் அதே மருந்துதான், ஆனால் நெக் வளைவைப் பார்த்த பிறகு.

ஒரே ஒரு இடத்தில் மட்டும், எடுத்துக்காட்டாக 8-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் மட்டும் உரசுகிறதென்றால், அடுத்துள்ள 9-ஆம் ஃப்ரெட் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது. ஏ.டி.எம். கார்டின் நேரான விளிம்பை மூன்று ஃப்ரெட்களின் மேல் வருமாறு நிறுத்தி லேசாக ஆட்டிப் பாருங்கள். ஏற்றம் இறக்கம் இல்லாவிட்டால் கார்டு அசையாது. நடு ஃப்ரெட் உயர்ந்திருந்தால் டக் டக் என்று இரு பக்கமும் ஆடும். இது ஃப்ரெட்டைத் தட்டி அமர்த்துவது அல்லது மேலே ராவிச் சமன் செய்வது என்ற வேலை. புதுக் கிட்டாரில் இதை நீங்களே செய்ய வேண்டாம். விற்றவரிடம் சொல்லுங்கள், குறை அவர்களுடையது.

சுருதி நிற்கவே இல்லை. டியூனிங் கீ தரமில்லையா?

டியூனிங் கீயைக் குறை சொல்லும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் 12-ஆம் ஃப்ரெட் அருகே விரலால் பிடித்து இரண்டு சென்டிமீட்டர் போல மெல்லத் தூக்கி இழுங்கள். சுருதி இறங்கும், மறுபடி சேர்த்து, மறுபடி இழுங்கள். நாலைந்து சுற்றுக்குப் பிறகு இறங்குவது நின்றுவிடும். கம்பி, டியூனிங் கீயின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுதான் இருக்க வேண்டும், அதுவும் ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒன்றின் மேல் ஒன்று ஏறிய ஏழெட்டுச் சுற்றுகள் இருந்தால் அவை நழுவி நழுவிச் சுருதியைக் கெடுக்கும்.

அடுத்தது நட். சுருதி ஏற்றும்போது டியூனரின் முள் நகராமல் நின்று, திடீரென்று ‘டிங்’ என்ற சின்னச் சத்தத்தோடு தாவினால் கம்பி நட் வெட்டில் சிக்குகிறது. மூன்று கீ இந்தப் பக்கம், மூன்று கீ அந்தப் பக்கம் என்றுள்ள தலைகளில் டி, ஜி கம்பிகள் பக்கவாட்டில் மடிந்து போவதால் அங்கே அதிகம் சிக்கும். கம்பியை வெட்டிலிருந்து தூக்கி, 2பி பென்சிலின் கரியை வெட்டுக்குள் தேயுங்கள். இந்தச் சிறிய வைத்தியம் தீர்த்துவைக்கும் புகார்கள் ஏராளம்.

மூன்றாவது பழக்கம். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சுருதி சேருங்கள். சுருதி கூடிவிட்டால் இலக்குக்குக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். கியரின் பற்களுக்கிடையே உள்ள தளர்வு அப்போதுதான் கம்பியின் இழுவிசையால் அடைபடும்.

திறந்த கம்பிகள் சரியாக இருக்கின்றன. ஆனால் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) பிடித்தால் சுருதி சேரவில்லை. ஏன்?

எந்த இடத்தில் சேரவில்லை என்று பாருங்கள். முதல் மூன்று ஃப்ரெட்களில் மட்டும் சுருதி கூடி, மேலே போகப் போகச் சரியாகிறதென்றால் நட் உயரம். அழுத்தும்போது கம்பி அதிகம் கீழே இழுபடுவதால் சுருதி ஏறுகிறது. எஃப் பாரே கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்தும் பிடி) அளவுக்கு மீறிக் கடினமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். ‘என் விரலில் பலமில்லை’ என்று பலர் மாதக்கணக்கில் தங்களையே நொந்துகொள்கிறார்கள், குறை நட்டில் இருக்கும்போது. சோதிக்க, 3-ஆம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, 1-ஆம் ஃப்ரெட் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தலைமுடி அளவு இடம் இருந்தால் சரி. தாள் தாராளமாக நுழைந்தால் வெட்டை ஆழப்படுத்த வேண்டும். அதற்கென்று கம்பியின் தடிப்புக்கேற்ற அரங்கள் உண்டு. அவை இல்லாமல் இறங்காதீர்கள். கொஞ்சம் கூடுதலாக அராவிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

மேலே போகப் போக விலகல் அதிகமானால் அது இன்டோனேஷன். புதுக் கம்பியில் மட்டும் இதைப் பாருங்கள். 12-ஆம் ஃப்ரெட்டின் நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் (மணி போன்ற மேல் சுரம்) எழுப்பி டியூனரில் பாருங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை வழக்கமான அழுத்தத்தில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய சுரம் கூடினால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், அதாவது நெக்கை விட்டு விலக்குங்கள். குறைந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். கூடினால் பின்னால், குறைந்தால் முன்னால். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திறந்த கம்பியை மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

ஆம்பில் செருகினால் ஒரே உறுமல். கிட்டார் பழுதா?

ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் உறுமுவது அதன் இயல்பு. சுற்றியுள்ள மின்கம்பிகளில் ஓடும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அந்தச் சுருள் ஆண்டெனா போலப் பிடிக்கிறது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இதை ரத்து செய்வதே ஹம்பக்கர்; கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த சேத் லவர் 1955-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். மூன்று ஒற்றைச் சுருள் உள்ள இன்றைய கிட்டார்கள் பலவற்றில் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்சின் 2-ஆம், 4-ஆம் நிலைகளில் உறுமல் அடங்கும்.

கம்பிகளைக் கையால் தொடுங்கள். தொட்டதும் உறுமல் குறைந்தால் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது. தொட்டாலும் மாற்றமே இல்லையென்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டிருக்கலாம். தொட்டதும் உறுமல் கூடினால் ஜாக்கில் ஒயர்கள் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் விற்றவர் சரிசெய்து தர வேண்டியவை.

கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று மின்சாரம் தட்டினால் உடனே ஆம்பை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். அது ஆம்பின் கோளாறு அல்லது சுவர் பிளக்கில் எர்த் இல்லாத கோளாறு. உயிருக்கு ஆபத்து, எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை வாசிக்காதீர்கள்.

உறுமல் இயல்பானதுதான் என்று தெரிந்தபின் செய்யக்கூடியவை: ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்காருவது, மொபைல் சார்ஜரையும் டிம்மர் விளக்கையும் அணைப்பது, உடம்பைத் திருப்பி உட்கார்ந்து உறுமல் எங்கே குறைகிறதென்று பார்ப்பது.

பிக்கார்டைத் தொட்டால் ஸ்பீக்கரில் பட்பட் என்று கேட்கிறது.

நிலைமின்சாரம். பாதுகாப்புத் தாளை உரித்ததும் இது அதிகமாகும். லேசாக ஈரமான துணியால் துடைத்தால் அடங்கும்.

சில கம்பிகள் மட்டும் சத்தம் குறைவாக ஒலிக்கின்றன.

பிக்கப் உயரத்தைச் சரிசெய்யுங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் உச்சிக்கும் உள்ள தூரத்தை அளங்கள். ஒற்றைச் சுருளுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மி.மீ.; ஹம்பக்கருக்கு நெக் அருகே உள்ள பிக்கப்பில் 2.4, பிரிட்ஜ் அருகே உள்ளதில் 1.6 மி.மீ. இவை தொடக்க அளவுகள்தான், மிச்சத்தைக் காது முடிவு செய்யட்டும். அருகில் கொண்டுவந்தால் சத்தம் கூடும் என்று ஒற்றைச் சுருளை ஒரேயடியாக உயர்த்தாதீர்கள். அதன் காந்தம் கம்பியை இழுத்துப் பிடிக்க, தடித்த கம்பியின் மேல் ஃப்ரெட்களில் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலையடிப்பது போல ஒலிக்கும். அதைக் கேட்டு ஃப்ரெட்டையும் சாடிலையும் குடைபவர்கள் உண்டு.

மிதக்கும் ட்ரெமோலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை வளைக்கும் பிரிட்ஜ்): ஒரு கம்பியைச் சேர்த்தால் மற்றவை விலகுகின்றன.

அப்படித்தான் இருக்கும். முன்னால் கம்பிகளும் பின்னால் ஸ்ப்ரிங்குகளும் பிரிட்ஜை இழுத்துச் சமநிலையில் வைத்திருக்கின்றன. ஆறு கம்பிகளையும் மூன்று நான்கு சுற்று திரும்பத் திரும்பச் சேருங்கள். பிறகு பிரிட்ஜின் பின்விளிம்பு உடம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. உயர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் தூக்கி நின்றால், பின்மூடியைத் திறந்து ஸ்ப்ரிங் கொக்கியின் இரண்டு ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேருங்கள். இந்த வசதியை நீங்கள் பயன்படுத்தவே போவதில்லை என்றால் பிரிட்ஜ் உடம்பில் படியும்வரை இறுக்கிவிடலாம். ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும். ஆரம்பத்தில் கற்பவர்களுக்கு நாங்கள் இதையே சொல்வோம்.

ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுகின்றன. கம்பியை வளைத்தால் மணல் மேல் இழுப்பது போலிருக்கிறது.

இரண்டும் வேறு வேறு. முனைகள் கீறுவது, வறண்ட காற்றில் மரம் சுருங்கியும் உலோகம் சுருங்காமல் நிற்பதால். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் சில வாரங்களில் ஓரளவு தானே அடங்கலாம். அடங்காவிட்டால் முனைகளை அராவ வேண்டும்.

மணல் போன்ற உராய்வு மெருகேற்றாத ஃப்ரெட். கம்பிகளைக் கழற்றி, ஃப்ரெட்களுக்கிடையே உள்ள மரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி, உலோகப் பாலிஷைப் பஞ்சுத் துணியில் தொட்டுத் தேயுங்கள். எஃகுக் கம்பளி வேண்டாம். அதன் துகள்கள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

வால்யூம் குமிழ் கரகரக்கிறது, ஜாக் ஆடுகிறது.

குமிழை இருபது முப்பது தடவை முழுதாக அங்குமிங்கும் திருப்புங்கள். போகாவிட்டால் எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி. ஜாக் ஆடினால் வெளியே தெரியும் மரை நட்டை மட்டும் இறுக்கித் திருகாதீர்கள், உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி ஒயர் அறுந்துவிடும். தகட்டைக் கழற்றி, ஜாக்கின் உடலை விரலால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

சத்தம் மந்தமாக இருக்கிறது. பிக்கப்பை மாற்றிவிடலாமா?

இப்போது வேண்டாம். பெட்டியில் வந்த கம்பிகள் பல மாதம் காற்றுப்பட்டு மங்கியிருக்கும். 9-42 அல்லது 10-46 (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) செட் புதிதாகப் போட்டுக் கேளுங்கள். இருந்த அளவிலேயே போடுங்கள். தடிப்பை மாற்றினால் இழுவிசை மாறி, நெக் வளைவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். கேபிளையும் பாருங்கள். கவசம் உள்ள இன்ஸ்ட்ருமென்ட் கேபிள்தான் வேண்டும், மூன்றிலிருந்து ஆறு மீட்டர் போதும். நீளம் கூடக் கூட மேல் அலைவரிசைகள் மங்கும். கணினியில் வாசிப்பவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் நிலையைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். லைன் நிலையில் செருகினால் எந்தக் கிட்டாரும் போர்வைக்குள்ளிருந்து வருவது போலத்தான் ஒலிக்கும்.

இதெல்லாம் முடிந்து இரண்டு மாதம் வாசித்த பிறகும் மந்தமாக இருந்தால் பிக்கப்பை மாற்றுங்கள். அப்போது வால்யூம் பொட்டின் (குமிழுக்கு அடியில் உள்ள மாறும் மின்தடை) அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒற்றைச் சுருளுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கரை 250-இல் இணைத்தால் மறுபடியும் அதே மந்தம்தான் கிடைக்கும்.